வாசக்காலுக்கு அடியில்

அத்தியாயம் பதினான்கு

ரெட்டியார்பாளையத்து வீட்டின் சாவி காசிலிங்கத்தின் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் வரலட்சுமி சரியாகத் தூங்கவில்லை.

பாங்க் ஏலத்தில் வீடு எடுப்பது அவள் கணவருக்குப் புதிதில்லை. இது ஆறாவது. கடன் கட்ட முடியாமல் கைமாறி, இரண்டு மூன்று வருஷம் பூட்டிக் கிடந்து, ஓதம் ஏறி, மொட்டைமாடியில் அரசங்கன்று முளைத்த வீடுகளாகப் பார்த்து எடுப்பார். உப்புப் பூத்த பூச்சை உரித்து, ஒயரிங் மாற்றி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து வாடகைக்கு விடுவார். முதல் ஐந்து வீடுகளில் முன்பு யார் இருந்தார்கள் என்று வரலட்சுமி கேட்டதில்லை. அலமாரி இடுக்கில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்போ, காலண்டரில் வட்டம் போட்ட ஒரு தேதியோ கிடைத்தால், பார்க்காத மாதிரி குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவாள்.

இந்த வீட்டில் அப்படித் தள்ள முடியவில்லை. இது அவள் தம்பி ஹரிகிருஷ்ணனின் வீடு.

மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டி செய்யும் கம்பெனி வைத்திருந்தான் ஹரி. கம்பெனி படுத்தபோது அடமானத்தில் இருந்த வீடும் போனது. "ஊரான் கைக்குப் போறதுக்கு நம்ம கையில இருக்கட்டுமே" என்று சொல்லித்தான் காசிலிங்கம் ஏலம் கேட்டார். அதில் பொய் இல்லை என்று வரலட்சுமிக்குத் தெரியும். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், ஹரிக்குப் போன் போட்டு, "நீயே வாடகைக்கு இருந்துக்க மச்சான், பாதி வாடகை குடுத்தாப் போதும்" என்றார்.

ஹரி ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்தான். அன்றிலிருந்து அக்காவின் போனையும் எடுக்கவில்லை.

மகள் தேவிப்பிரியாவின் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். ஹரியும் அவன் மனைவி சிவசங்கரியும் சேர்ந்து வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழையாவிட்டால், எத்தனை மேளம் அடித்தாலும் அது வாயடைத்துப் போன கல்யாணம்தான்.

அந்த வியாழக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே காசிலிங்கம் சொன்னார்.

"லட்சுமி, இன்னிக்கி வாசக்காலைப் பேத்துடறோம். கொளஞ்சி ஆசாரி ஒம்போது மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டான்."

வரலட்சுமியின் கையில் இருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றது.

"அதை உட்டுடலாங்க. தேக்கு. நல்லாத்தான இருக்குது?"

"எது நல்லா இருந்தாலும் நம்ம முறை முறைதான்."

காசிலிங்கத்துக்கு என்று ஒரு முறை உண்டு. ஏலத்தில் எடுத்த எந்த வீட்டிலும் ஆள் குடிவைக்கும் முன் தலைவாசலின் வாசக்காலைப் பிடுங்கிப் பழைய மரக்கடையில் போட்டுவிடுவார். வீட்டை இழந்தவர்கள் கடைசியாக அழுதுகொண்டு தாண்டியது அந்தப் படியைத்தான். அதை வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கக் கூடாது என்பார். வாசக்காலுக்கு அடியில், வீடு கட்டியவர்கள் மஞ்சள் துணியில் நவதானியத்தோடு முடிந்து வைத்த பொன் இருக்கும். அதை மட்டும் தொடாமல் கொண்டுபோய் வீராம்பட்டினம் அம்மன் உண்டியலில் போட்டுவிடுவார். ஐந்து வீட்டுப் பொன்னும் அப்படித்தான் போனது.

"எந்தம்பி அழுத அழுகை எனக்குப் பாவமா வந்து சேராதுங்க. அது அங்கியே இருக்கட்டும்" என்றாள்.

"நீ வேற. நான் ஒரு யோசனையோட இருக்கறேன்." காசிலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அவர் முகத்தில், நெடுநாளாக மறைத்து வைத்த பரிசைக் காட்டப்போகிற பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. "பீரோ, கிரைண்டரு, தையல் மிஷினெல்லாம் இன்னும் அங்கியே கெடக்குது இல்ல? வந்து எடுத்துக்கம்மான்னு சிவசங்கரிக்குப் போன் பண்ணேன். பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வராங்க. அவங்க முன்னாடி வாசக்காலைத் தூக்கறோம். அடியில உங்கம்மாவோட சேவல் காசு இருக்குதுல்ல? அதை உண்டியல்ல போடப் போறதில்ல. தாம்பூலத் தட்டுல வெச்சி மச்சான் கையில குடுக்கப் போறேன்."

வரலட்சுமி அடுப்பைப் பார்த்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது.

"பெத்தவ காசைப் பாத்தா மனசு எளகாத ஆம்பளை உண்டா சொல்லு? அந்தச் சூட்டுலயே கல்யாணப் பத்திரிகையையும் வெச்சிடலாம். இன்னா சொல்ற?"

"நல்ல யோசனைதாங்க" என்றாள் வரலட்சுமி.

அந்தக் காசு அங்கே இல்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள்.

*

பதினெட்டு வருஷம் ஆகிறது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தா வீட்டில் அம்மாவின் அப்பா தோட்டவேலை பார்த்தார். அந்தச் சொல்தா அவருக்குக் கொடுத்த தங்கக் காசு அது. ஒரு பக்கம் பெண்ணின் தலை, மறு பக்கம் நெஞ்சை நிமிர்த்திய சேவல். அம்மா சாகும்போது ஹரியின் கையில் வைத்தாள். ஹரி அதைச் செலவழிக்கவில்லை. வீடு கட்டி வாசக்கால் வைத்த நாளில் அக்காவிடம் நீட்டினான்.

"நாத்தனார் கையாலதான் முடிஞ்சி வெக்கணுமாம். நீயே வெய்யிக்கா. நம்மம்மா வாசல்ல படுத்திருக்கற மாதிரி இருக்கும்."

அவள் உள்ளறையில் தனியாக உட்கார்ந்து நவதானியத்தை மஞ்சள் துணியில் கொட்டினாள். காசையும் வைத்தாள். பிறகு எடுத்தாள்.

காசிலிங்கம் வேலை பார்த்த மில்லை மூடி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. நாலு வயசு தேவிப்பிரியாவை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க மறுநாள்தான் கடைசித் தேதி. காலையில்தான் குழந்தை பக்கத்து வீட்டுப் பெண்ணின் யூனிஃபார்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு எப்பம்மா?" என்று கேட்டிருந்தது. ஒரே வாரத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று காசை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் தானியத்தை முடிச்சாகக் கட்டிக் குழியில் வைத்தாள். வாசக்கால் மேல் சுவர் ஏறிவிட்டால் அடியில் எதையும் திருப்பி வைக்க முடியாது என்பது அன்றைக்கு அவள் புத்தியில் ஏறவில்லை. அடகுக் கடைக்குப் போன சேவல் திரும்பவே இல்லை. சீட்டுப் பணத்தில் ஃபீஸ் கட்டியதாகக் கணவரிடம் சொன்னாள்.

ஹரியின் கம்பெனி நன்றாக ஓடிய வருஷங்களில் அவள் அதை மறந்திருந்தாள். கம்பெனி படுத்த நாளிலிருந்து அவளால் மறக்க முடியவில்லை. பொன் இல்லாத வாசல், அம்மா இல்லாத வாசல். அதுதான் தம்பியைத் தெருவுக்குத் தள்ளியது என்று யாரும் சொல்லாமலே அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன வாரம் நேரு வீதியில் அரைப் பவுனில் ஒரு காசு வாங்கினாள். அதில் சேவல் இல்லை. தாமரையில் உட்கார்ந்த லட்சுமி இருந்தாள். மண்ணில் புரட்டி முடிச்சுக்குள் எப்படியாவது நுழைத்துவிட்டால் உற்றுப் பார்க்காத கணவராவது நம்புவார். தம்பி நம்பமாட்டான். ஆனாலும் அவன் வெறும் துணியைப் பார்ப்பதைவிட அது மேல்.

"கீதாம்மா வீட்டுக்குப் பத்திரிகை குடுத்துட்டு அப்படியே வீட்டுப் பக்கம் போறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, எட்டரைக்கே ஷேர் ஆட்டோ ஏறினாள். கீதாம்மா வீட்டுக்கு அவள் போகவில்லை. பர்ஸில் காசு இருந்தது. பையில் தம்பியின் பெயர் எழுதிய பத்திரிகை இருந்தது.

*

கொளஞ்சி ஆசாரி அவளுக்கு முன்பே வந்து, வாசக்காலின் இரண்டு பக்கமும் சிமென்ட்டைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, ஒம்போதுன்னு சொன்னாரு, அதுக்குள்ளவே ஆரம்பிச்சிட்டீங்க?"

"வீட்ல இருந்தா எம் பொண்டாட்டி தண்ணி புடிக்க அனுப்பறாம்மா. இங்க வந்தா சுத்தியலு நம்ம கையில இருக்கும், அங்க அவ கையில இருக்கும்."

வரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. முன்சுவரைப் பார்த்தாள். இது பாங்க்கின் சுவாதீனத்தில் உள்ள சொத்து என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்த இடத்தில் இரண்டு கோட் வெள்ளை அடித்தாகிவிட்டது. ஆனாலும் அந்த எழுத்துகள் வெளுத்த ரோஜா நிறத்தில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தன. தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

"வாசக்காலை நீங்க இன்னாத்தப் பாத்துக்கறது? அது எங்க ஓடப் போவுது?" கொளஞ்சி சிரித்தார். தேக்குச் சட்டத்தைத் தட்டிக் கொடுத்தார். "இதைச் செஞ்சதும் நான்தான், பேக்கறதும் நான்தான். தொட்டில் செஞ்சவனையே பாடை கட்டக் கூப்பிட்டாப்பல இருக்குதும்மா. உங்க தம்பி கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்த மாதிரி மரம் பாத்தாரு. அன்னிக்கி சாயங்காலமே ரெண்டாவது வாட்டி நட்டோமே, தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டாவது வாட்டியா?"

"நீங்கள்லாம் சாப்ட்டுட்டுக் கெளம்பிட்டீங்க. நான் சும்மா மட்டம் பாக்கறேன், ஒரு நூலு சாஞ்சி நிக்குது. மறுபடியும் தூக்கிட்டோம். அடியில இருந்த முடிச்சை எடுத்து உங்க தம்பி கையில குடுத்தேன். அது அவுந்திருந்திச்சி போல. கையில வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம பைக்கை எடுத்துக்கிட்டுப் போயி, அரை மணி நேரம் கழிச்சி வந்தாரு. அவரே முடிஞ்சி, அவரே வெச்சாரு. இன்னா சார் ஆச்சின்னு கேட்டேன். தானியம் கம்மியா இருந்திச்சின்னாரு."

வரலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷம். பதினெட்டுப் பொங்கலுக்கும் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "சாப்பாடு போடுக்கா, பசிக்குது" என்று உட்கார்ந்தவன். ஒரு தடவையாவது, ஒரு பார்வையிலாவது அவன் கேட்டதில்லை.

"மயக்கமாம்மா? காலைல சாப்ட்டீங்களா?" என்றார் கொளஞ்சி.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள்.

*

பத்தரைக்கே ஒரு குட்டியானை வேன் வந்து தெருவில் நின்றது. முன்சீட்டிலிருந்து சிவசங்கரி இறங்கினாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பின்னால் ஹரி தன் பழைய பைக்கில் வந்தான். வீடு போன பிறகு மூலக்குளத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். அவன் இப்போது அதே எஸ்டேட்டில் வேறொருவரின் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"வாங்க அண்ணி" என்றாள் சிவசங்கரி. பிறகுதான் இது இனித் தன் வீடு இல்லை, வா என்று சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள். செருப்பை அவள் எப்போதும் விடுகிற மூலையில் விட்டுவிட்டு, டிரைவரோடு உள்ளே போனாள்.

ஹரி கேட்டுக்கு உள்ளே வரவில்லை. காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்றான். அக்கா கிட்டே வந்ததும் தெருவைப் பார்த்தான்.

"உள்ள வாடா."

"பரவால்லக்கா. காத்தா இருக்குது."

"ஹரி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வாசக்காலு..."

"பழசெல்லாம் எதுக்குக்கா?" என்று அவன் சட்டென்று குறுக்கிட்டான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பாப்பா எப்படி இருக்குது?"

"தெனம் கேக்குது, மாமா வருவாரான்னு."

சுவரில் பெயர்ந்திருந்த காரையை நகத்தால் சுரண்டினான். அவன் கட்டிய சுவர்.

"மாமா மேல கோவமாடா?"

"அவரு கெட்டவரில்லக்கா. கெட்டவரா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். எம் வூட்டுக்கு என்னையே வாடகைக்குக் கூப்புட்டாரு பாரு, அதுவும் நல்ல மனசோட. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு."

காசிலிங்கத்தின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டது.

*

காசிலிங்கம் புது வேட்டியில் வந்தார். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு பட்டுத் துண்டு. நடுவில் மட்டும் காசுக்கு இடம் விட்டிருந்தார்.

"மச்சான், உள்ள வராட்டியும் பரவால்ல. அங்கியே நில்லு. நீ கண்ணால பாக்கணும். சிவசங்கரி, நீயும் வாம்மா."

சிவசங்கரி கைத்தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வரலட்சுமி பர்ஸைத் திறந்து அரைப் பவுன் காசை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

கொளஞ்சி கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். முதலில் மரம் அசையவில்லை. பிறகு நீண்ட ஒரு முனகல் சத்தம் கேட்டது. வாசக்கால் சுவரை விட்டு விலகி, டிரைவரும் காசிலிங்கமும் தாங்கிப் பிடிக்க, மெல்லச் சாய்ந்து தரையில் படுத்தது. வாசல் இருந்த இடத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு வெறுமை. அதன் வழியாகக் கூடம் முழுவதும் தெருவுக்குத் தெரிந்தது.

கீழ்ப்படி இருந்த பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு முடிச்சு.

காசிலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். துணி தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. நவதானியம் கரும்பொடியாகிக் கிடந்தது. அதை விரலால் விலக்கினார்.

சேவல் காசு இல்லை. இரண்டு தாலிக்குண்டுகள் இருந்தன. மிளகை விடக் கொஞ்சம் பெரியவை. மண்ணுக்குள் இவ்வளவு காலம் கிடந்தும் அவை அப்படியே மின்னின.

"இன்னாது இது?" காசிலிங்கம் முடிச்சைப் புரட்டினார், துணியை உதறினார், பள்ளத்தில் கையை விட்டுத் துழாவினார். "சேவல் காசுதான வெச்சோம்? நான் கண்ணால பாத்தேனே, மச்சான் லட்சுமி கையில குடுத்ததை. லட்சுமி, நீதான முடிஞ்ச?"

எல்லோரும் வரலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தது.

"நான்தான் மாமா" என்றான் ஹரி.

அவன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தான்.

"அக்கா சரியாத்தான் வெச்சிது. சாயங்காலம் வாசக்காலை மறுபடியும் தூக்கினோம். அப்ப நான்தான் காசை எடுத்துட்டு இதை வெச்சேன். அன்னிக்கி சிமென்ட்டுக்காரனுக்கு அவசரமாக் குடுக்க வேண்டியிருந்திச்சி."

கொளஞ்சி ஆசாரி கடப்பாரையைக் கீழே வைத்தார். அவர் கண் ஹரியிடமிருந்து வரலட்சுமியிடம் போய், அங்கிருந்து தரைக்குப் போனது.

"பெத்தவ காசையா மச்சான்?" காசிலிங்கம் குண்டுகளைத் தட்டில் காசுக்கு விட்டிருந்த இடத்தில் வைத்தார். அவர் போட்டு வைத்திருந்த அழகான திட்டம் கையில் உதிர்ந்த துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. "என்கிட்ட சொல்லியிருந்தா... சரி, என்கிட்ட அப்ப இன்னா இருந்திச்சி."

சிவசங்கரி முன்னால் வந்தாள். கணவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்து இரண்டு குண்டுகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"வீராம்பட்டினம் தேருக்குப் போனப்ப கடல்ல உழுந்திடுச்சின்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "நான் டப்பாவுல எண்ணி வெச்ச ஞாபகம் இருக்குதுன்னேன். இல்ல, நீதான் அலையில தொலைச்சிட்டன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

"சங்கரி..."

"கம்பெனி மூடினப்பவும், நான் தாலியில இருந்து தொலைச்சதாலதான்னு நெனச்சேன். பாங்க்காரங்க சீல் வெச்சன்னிக்கும் அதையேதான் நெனச்சேன். இந்த வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன், நீங்களும் கூடத்தான் உக்காந்திருந்தீங்க. அப்பக்கூடச் சொல்லலியே."

அவள் திரும்பி, வாசல் இல்லாத வாசல் வழியாக உள்ளே போனாள். பின்கட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஹரி அதே இடத்தில் நின்றான். அக்காவைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவில் தலையை அசைத்தான். பேசாதே என்று அர்த்தம். சின்ன வயதில் அவள் உடைத்த பானைக்கு அவன் அடி வாங்கியபோதும் இப்படித்தான் அசைத்தான்.

*

பின்கட்டில் துவைக்கும் கல்லின் மேல் சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் வைத்த கறிவேப்பிலைச் செடி மூன்று வருஷம் தண்ணீர் இல்லாமலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதிலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளி மடியில் வைத்திருந்தாள்.

வரலட்சுமி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நாத்தனார் தன் காலடியில் உட்காருவதைப் பார்த்து சிவசங்கரி பதறி எழப் போனாள்.

"இன்னா அண்ணி இது, எழுந்திருங்க."

"உக்காரு. நின்னா என்னால சொல்ல முடியாது."

கையைத் திறந்து காட்டினாள். இறுக்கிப் பிடித்ததில் லட்சுமியின் உருவம் உள்ளங்கைச் சதையில் பதிந்திருந்தது.

"அம்மா காசை அவன் எடுக்கல. நான் எடுத்தேன். பாப்பாவை ஸ்கூல்ல சேக்க. அவன் குடுத்ததை முடிச்சில வெக்கவே இல்ல நான். அது ஆசாரி தூக்கினப்ப அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. வெறும் வாசலா இருக்கக் கூடாதுன்னு உன் டப்பாவுல இருந்து எடுத்தாந்து வெச்சிருக்கான். இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்கு இது தெரியாது சங்கரி. இதை வாங்கி வெச்சி எல்லாரையும் ஏமாத்தலாம்னுதான் நான் வந்தேன்."

முன்கட்டில் பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது. "மொள்ள, மொள்ள, கண்ணாடி இருக்குது" என்று காசிலிங்கம் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இப்போது சந்தோஷம் இல்லை.

"பாப்பா அந்த ஸ்கூல்ல முதல் மார்க்கு வாங்கினப்ப அவரு தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தாரு" என்றாள் சிவசங்கரி கடைசியில். "இன்னாத்துக்கு இவ்ளோ ஆட்டம்னு நான் திட்டினேன். இப்பத்தான் புரியுது."

"நீ என்னைத் திட்டு. ஒரு அறை உடு. இப்படிப் பேசாத."

"திட்டினா உங்களுக்கு ஆறிடும் அண்ணி. எனக்கு?" அவள் இரண்டு குண்டுகளையும் விரலால் உருட்டினாள். "எல்லாத்தையும் வித்தோம். தாலிச் செயினைக் கூட வித்தோம். கயித்துல ஒரு குண்டுமணி பொன்னு கூட இல்லாம இந்த மூணு வருஷம் நடந்தேன். இது மட்டும் இங்கியே காவல் கெடந்திருக்குது, அடுத்தவங்க வீட்டுக்கு."

அந்த வார்த்தையை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அது விழுந்த இடத்தில் அப்படியே நின்றது.

வரலட்சுமி காசை அவள் மடியில் வைத்தாள். சிவசங்கரி அதைத் திருப்பி அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று முன்கட்டைக் காட்டிக் கேட்டாள்.

"தெரியாது."

"சொல்லப் போறீங்களா?"

வரலட்சுமி மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரி கறிவேப்பிலைக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்கட்டுக் கதவைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள்.

"கல்யாணத்துக்கு அவரு வருவாரு அண்ணி. பாப்பா நெத்தியில பட்டம் கட்டாம அவரால இருக்க முடியாது. உங்க மேல அவருக்குக் கோவம் இருந்ததே இல்லன்னு இன்னிக்கித் தெரிஞ்சிபோச்சே." கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கூட வரிசைத் தட்டைத் தூக்கிக்கிட்டு நான் வருவேனான்னு மட்டும் இன்னிக்கு என்னைக் கேக்காதீங்க."

அவள் போனாள். வேன் கிளம்பும் சத்தமும், அதன் பின்னாலேயே ஒரு பைக் உதைக்கப்படும் சத்தமும் கேட்டன. பைக் ஒரே உதையில் கிளம்பவில்லை. இரண்டு, மூன்று, நான்கு.

"லட்சுமி!" முன்பக்கத்திலிருந்து காசிலிங்கம் கூப்பிட்டார். "மச்சான் கெளம்பறான். எங்க போய் ஒக்காந்திருக்க? வந்து வெக்க வேண்டியதை வெய்யி!"

அவள் கூடத்துக்கு வந்தாள். வாசக்கால் இல்லாத திறப்பில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காசிலிங்கம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பைக்கை உதைப்பதை நிறுத்திவிட்டு ஹரி திரும்பிப் பார்த்தான்.

அவள் இடது கையில் பையிலிருந்து எடுத்த கல்யாணப் பத்திரிகை இருந்தது. வலது கையில் அரைப் பவுன் காசு இருந்தது. அவர்கள் இருவர் முன்னால் எந்தக் கையை முதலில் நீட்டுவது என்று தெரியாமல், ஒரு காலத்தில் வாசல் இருந்த அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றாள் வரலட்சுமி.